கல்லுக்குக் கணக்கு எழுதியவர்கள்

   

இன்றைய பேச்சு ஒரு பாராட்டுப் பேச்சு. யாருக்குப் பாராட்டு? டில்லி மாநகரத்தில் ஒரு தொண்டர் கூட்டம் இருக்கிறது. பழைய கட்டடங்களைத் தேடித் தேடிப் போனார்கள். ஒவ்வொன்றையும் பற்றி எழுதி வைத்தார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பாராட்டு.

"எழுதி வைப்பது ஒரு பெரிய வேலையா?" என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் நம் ஊர் நிலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 40 வருஷமாக ஒரு நிலத்தில் பாடுபடுகிறார். வரப்பு கட்டியது அவர். கிணறு வெட்டியது அவர். ஆனால் பட்டாவில் அவர் பெயர் இல்லை. என்ன ஆகும்? ஒரு நாள் யாராவது ஒருவர் காகிதத்தோடு வந்து நிற்பார். "இது என் நிலம்" என்பார். அப்போது ஊரே சாட்சி சொன்னாலும், தாசில்தார் கேட்பது காகிதத்தைத்தான்.

பழைய கட்டடத்தின் கதையும் இதுதான். மண்டபம் பேசாது. கிணறு பேசாது. அதைக் கட்டிய ராஜாவும் போய்விட்டார், கல் சுமந்த கூலியாளும் போய்விட்டார். அதன் பெயர் ஏதாவது ஒரு காகிதத்தில் இருந்தால், கேட்க ஒரு ஆள் வருவார். பெயர் இல்லாவிட்டால் அது புறம்போக்குதான். யார் வேண்டுமானாலும் இடிக்கலாம். இடித்த பிறகு, அங்கே ஒன்று இருந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

டில்லி மிகப் பழைய ஊர். ஒரு ராஜா கட்டிய நகரத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ராஜா இன்னொரு நகரம் கட்டினார். இப்படி ஏழு நகரங்கள் என்று சொல்வார்கள். எட்டு என்பாரும் உண்டு. அதனால் டில்லியில் எங்கே திரும்பினாலும் ஒரு கோட்டைச் சுவர் இருக்கும். ஒரு மசூதி இருக்கும். ஒரு கோயில் இருக்கும். யாருடையது என்று தெரியாத ஒரு சமாதி இருக்கும். நடு ஊரில், பெரிய பெரிய அலுவலகங்களுக்கு நடுவில், நூற்றுக்கு மேல் படிகள் இறங்கும் ஒரு கிணறும் இருக்கிறது. அதற்கு அக்ரசேன் பாவ்லி என்று பெயர். பாவ்லி என்றால் படிக்கிணறு. நம் பக்கத்தில் இதை நடவாவி என்பார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயங்கார்குளத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளுவார். பார்த்தவர்கள் சிலர் இங்கேயே இருப்பீர்கள்.

டில்லியில் கட்டடங்களைப் பற்றி எழுதி வைக்கும் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. அந்தக் காலத்திலேயே ஒரு தனி மனிதர் செய்தார். அவர் பெயர் சர் சையது அகமது கான். பிற்காலத்தில் அலிகாரில் கல்லூரி தொடங்கியவர். அந்தக் கல்லூரிதான் இன்று அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். 1840களில் அவர் டில்லியில் முன்சீப்பாக இருந்தார். சிறு நீதிபதி வேலை. விடுமுறை நாள் வந்தால் மற்றவர்கள் ஓய்வு எடுப்பார்கள். இவர் பழைய கட்டடங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். நீளம் அகலம் அளப்பார். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து எழுதிக்கொள்வார்.

குதுப் மினார் தெரியும் அல்லவா? சுமார் 72 மீட்டர் உயரம். ஐந்து அடுக்கு. அதைச் சுற்றிக் கல்லிலே எழுத்துகள் செதுக்கியிருக்கிறார்கள். மேலே இருக்கும் எழுத்து தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. சையது அகமது என்ன செய்தார் தெரியுமா? சாரம் போல மூங்கில்களைக் கட்டச் சொன்னார். நடுவில் ஒரு கூடையைத் தொங்கவிடச் சொன்னார். அந்தக் கூடையில் ஏறி உட்கார்ந்தார்! அந்தரத்தில் ஆடிக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். இமாம் பக்ஷ் சஹ்பாய் என்ற பண்டிதர் அவருக்கு நண்பர். இவர் கூடையில் ஏறும்போதெல்லாம் கீழே நிற்கும் நண்பரின் முகம் பயத்தில் வெளுத்துப் போகுமாம்.

1847இல் அந்தப் புத்தகம் உருது மொழியில் வெளிவந்தது. அப்போது சையது அகமதுக்கு வயது 30.

பத்தே வருஷம். 1857இல் சிப்பாய்கள் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து எழுந்தார்கள். அந்தப் புரட்சி அடக்கப்பட்டது. பிறகு டில்லியின் மேல் கோபம் திரும்பியது. செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் நடுவில் இருந்த வீடுகள், கடைகள், தெருக்கள் தரைமட்டம் ஆயின. அக்பராபாதி மசூதி என்று ஒரு அழகான மசூதி இருந்தது. ஷாஜகான் காலத்தில் கட்டியது. அதுவும் போனது. கூடையைப் பார்த்துப் பயந்தாரே சஹ்பாய், அவரையும் அவர் பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இன்று அந்த மசூதி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், சையது அகமதின் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். கல் போய்விட்டது. காகிதம் நின்றது.

இது டில்லிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். அரியலூர் பக்கத்தில் திருமழபாடி கோயில் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில் அந்தக் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். சுவர் முழுக்கக் கல்வெட்டு. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், விளக்கு எரிக்க யார் ஆடு கொடுத்தார் என்ற கணக்கெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது. பிரித்தால் கணக்கு போய்விடுமே! அதனால் முதலில் எல்லாவற்றையும் படித்துப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அப்புறம்தான் சுவரில் கை வைத்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் புதிய சுவரில் அதைத் திரும்பவும் வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இவ்வளவு கவனம்.

டில்லிக்குத் திரும்புவோம். 1911இல் வெள்ளைக்கார அரசு ஒரு முடிவு எடுத்தது. தலைநகரம் இனிமேல் கல்கத்தா இல்லை, டில்லிதான் என்று அறிவித்தது. புது டில்லி கட்ட ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வேண்டும். கிராமங்களைக் காலி செய்தார்கள். இப்போது ராஷ்டிரபதி பவன் இருக்கும் மேடு, ரைசினா என்ற கிராமத்தின் நிலம். அந்த நிலங்களில் எல்லாம் பழைய சமாதிகள், மசூதிகள், கோயில்கள், கிணறுகள் இருந்தன. எதை வைப்பது, எதை விடுவது? முதலில் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே!

அந்தக் கணக்கை எடுத்தவர் மௌல்வி சபர் ஹசன். தொல்பொருள் ஆய்வுத் துறை அதிகாரி. ஊர் ஊராக, வயல் வயலாகப் போய்ப் பட்டியல் எடுத்தார். அது 1916 முதல் 1922 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. அதில் 1,317 இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், யார் சொந்தக்காரர், எந்தக் காலத்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, யாராவது குடியிருக்கிறார்களா, கல்வெட்டு இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிசையாக எழுதினார். குடிசை மறைவில் கிடந்த சமாதியைக்கூட அவர் விடவில்லை. இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது திரும்ப வரும்.

அப்புறம் 1947 வந்தது. சுதந்திரமும் வந்தது, பிரிவினையும் வந்தது. பாகிஸ்தானாக மாறிய பகுதியிலிருந்து லட்சக்கணக்கான பேர் டில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய கோட்டைகளும் ஹுமாயூன் சமாதியும் அகதி முகாம்கள் ஆயின. சமாதிக்குள்ளே அடுப்பு எரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கூரைதான் முக்கியம். 1941இல் டில்லியின் ஜனத்தொகை 9 லட்சம். 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. 1991இல் 94 லட்சம். இத்தனை பேருக்கும் வீடு வேண்டும், சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். வயல்கள் காலனிகள் ஆயின. சபர் ஹசன் வயல் நடுவில் பார்த்து எழுதிய கட்டடங்கள் இப்போது மாடி வீடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டன. பல கட்டடங்கள் காணாமலே போயின.

பாதுகாக்க அரசாங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1958இல் நினைவுச் சின்னங்களுக்காக ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஆனால் டில்லியில் மத்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருப்பவை சுமார் 170 இடங்கள்தான். மற்றவை? காவல்காரர் இல்லை, வேலி இல்லை, பலகை இல்லை.

இங்கேதான் நம் தொண்டர்கள் வருகிறார்கள்.

1984 ஜனவரியில் டில்லியில் ஒரு அமைப்பு தொடங்கியது. இந்திய தேசியக் கலை, பண்பாட்டுப் பாரம்பரிய அறக்கட்டளை என்பது அதன் பெயர். பெயர் நீளம். சுருக்கமாக இன்டாக் என்பார்கள். இது அரசாங்கத் துறை அல்ல, சங்கமாகப் பதிவு செய்த அமைப்பு. நாடு முழுவதும் இதற்கு 200க்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. தமிழ்நாட்டிலும் உண்டு. கிளைக்கு அமைப்பாளராக இருப்பவர் அதைத் தொண்டாகச் செய்கிறார், சம்பளத்துக்காக அல்ல. டில்லிக் கிளைதான் டில்லியின் பழைய கட்டடங்களுக்குப் புதிதாக ஒரு கணக்கு எடுத்தது.

கணக்கு எடுப்பது எப்படி? வீடு வீடாக மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வருவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படிவம். பெயர் என்ன? எந்தத் தெரு? யார் கட்டியது? எப்போது கட்டியது? இப்போது யார் கையில் இருக்கிறது? எதற்குப் பயன்படுகிறது? கூரை நன்றாக இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா? அக்கம் பக்கத்தார் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இத்தனையும் எழுத வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும்.

பழைய டில்லியில் இந்த வேலை லேசானது அல்ல. சந்துக்குள் சந்து. இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே பார்த்தால் இரும்புக் கடை, மின்சார சாமான் கடை. உள்ளே நுழைந்து போனால் நடுவில் முற்றம் வைத்த பெரிய வீடு இருக்கும். அதை ஹவேலி என்பார்கள். நம் செட்டிநாட்டு வீடு போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இப்போது பல குடும்பங்கள் இருக்கும். பெரும்பாலும் கீழே கிடங்கு, மேலே குடித்தனம். அதில் எது முன்னூறு வருஷச் சுவர், எது முந்தாநாள் சுவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதனால் சரித்திரம் படித்தவர்களும் கட்டடக்கலை படித்தவர்களும் இந்த வேலையில் கை கோத்தார்கள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "வாருங்கள்" என்று வரவேற்றிருப்பார்களா? அப்படி எதிர்பார்க்க முடியாது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், நம் வீட்டை நாமே இடித்துக் கட்ட முடியாதோ என்ற பயம் யாருக்கும் வரும். ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் "இது நாட்டின் சொத்து" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஓடு மாற்றப் பணம் யார் தருவது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. தொண்டர்களைப் பாராட்டும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1999இல் பட்டியல் புத்தகமாக வந்தது. இரண்டு பெரிய பாகங்கள். மொத்தம் 1,208 இடங்கள். அப்போது டில்லிக் கிளையின் அமைப்பாளர் ஓ. பி. ஜெயின். சரித்திரப் பேராசிரியர் நாராயணி குப்தா, கட்டடப் பாதுகாப்பு நிபுணர் ரத்தீஷ் நந்தா ஆகியோர் பெயர்களும் அந்த வேலையோடு சேர்ந்தவை.

என்னென்ன இருந்தன அதில்? சுல்தான்களின் சமாதி இருந்தது. கூடவே சாதாரண மக்களின் கிணறும் இருந்தது. கோயில், மசூதி, சர்ச், குருத்வாரா, பாலம், நகர வாசல், கடைத்தெரு, வெள்ளைக்காரர் கட்டிய பங்களா எல்லாம் இருந்தன. ராஜா கட்டியதுதான் சரித்திரம் என்று இவர்கள் நினைக்கவில்லை. இது பெரிய விஷயம்.

பட்டியல் வந்ததும் எல்லாம் பிழைத்துவிட்டதா? இல்லை. ஆனால் ஒரு பிடி கிடைத்தது. 2004இல் டில்லிக்குப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. 2010இல் டில்லி மாநகராட்சி 767 கட்டடங்களைப் பாரம்பரியக் கட்டடங்கள் என்று அறிவித்தது. அதற்கு அடிப்படையாக இருந்தது இந்தத் தொண்டர்களின் பட்டியல்தான். அந்தக் குழுவின் அனுமதி இல்லாமல் அந்தக் கட்டடங்களை இடிக்கக்கூடாது, மாற்றிக் கட்டக்கூடாது என்று விதி.

மெஹ்ரோலியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குதுப் மினாருக்குப் பக்கத்தில் சுமார் 200 ஏக்கர் இடம். ஆயிரம் வருஷமாக மனிதர்கள் வாழ்ந்த பூமி. ஆனால் முள்ளும் புதரும் குப்பையும் மண்டிக் கிடந்தது. 1997 முதல் இன்டாக் அங்கே வேலையில் இறங்கியது. டில்லி வளர்ச்சிக் கழகமும் அரசின் தொல்பொருள் துறைகளும் சேர்ந்துகொண்டன. புதரை வெட்ட வெட்டக் கட்டடங்கள் வெளியே வந்தன. 1506இல் கட்டிய ஒரு படிக்கிணறு அங்கே இருக்கிறது. பால்பன் என்ற சுல்தானின் சமாதியும் இருக்கிறது. அவர் இறந்தது 1287இல். கல்லுக்குக் கல் முட்டுக் கொடுத்து நிற்கும் வளைவு அந்தச் சமாதியில் இருக்கிறது. இந்தியாவில் அந்த முறையில் சரியாகக் கட்டிய முதல் வளைவு அதுதான் என்பார்கள். இப்போது அந்த இடம் ஒரு பூங்கா. காலையில் ஜனங்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அதே பூங்காவில் குலி கான் சமாதி என்று ஒன்று இருக்கிறது. அதன் கதை வேடிக்கையானது. 1840களில் தாமஸ் மெட்காஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி அந்தச் சமாதியை எடுத்துத் தன் ஓய்வு வீடாக மாற்றிக்கொண்டார்! நடுக்கூடத்தைச் சாப்பாட்டு அறை ஆக்கினார். யாரோ ஒருவர் தூங்கும் இடத்தில் இன்னொருவர் விருந்து வைத்திருக்கிறார்.

இன்னொரு கதை வேடிக்கையே இல்லை. சௌக் என்று ஒரு பெரிய உருதுக் கவிஞர். கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா சபருக்குக் கவிதை சொல்லிக் கொடுத்த குரு. 1854இல் இறந்தார். பஹாட்கஞ்ச் பகுதியில் அவர் சமாதி இருந்தது. அதன் மேலே பொதுக் கழிப்பறை கட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்ததாக நினைக்க வேண்டாம். அங்கே யார் தூங்குகிறார் என்பது மறந்து போயிருந்தது. கவிதையை நேசித்த சில டில்லிக்காரர்கள் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போன பிறகுதான் கழிப்பறை அகற்றப்பட்டது, கவிஞருக்கு ஒரு நினைவிடம் வந்தது.

அரசாங்கப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2022 டிசம்பரில் மத்தியக் கலாசார அமைச்சகம் நாடாளுமன்றத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தது. இந்தியா முழுவதும் மத்தியத் துறை பாதுகாக்கும் சின்னங்கள் 3,693. அவற்றில் 50 இல்லை! 14 இடங்களை நகரம் விழுங்கிவிட்டது. 12 இடங்கள் அணைத் தண்ணீரில் மூழ்கின. மீதி 24 எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த 24இல் டில்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டமும் ஒன்று. 2024இல் அரசு இப்படிப்பட்ட 18 பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தது. பாராகம்பாவும் அதில் இருந்தது.

பெயர் பட்டியலில் இருந்தது. போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதுதான் நடந்தது.

இன்டாக் தொண்டர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாரம்பரிய நடை என்று பெயர். ஒரு விடுமுறை நாள் காலையில் ஒரு இடத்தில் கூடுவார்கள். விவரம் தெரிந்த ஒரு தொண்டர் முன்னால் நடப்பார். பத்து இருபது பேர் பின்னால் நடப்பார்கள். வாத்தியார் இருப்பார், மாணவர் இருப்பார், ரிட்டயர் ஆனவர் இருப்பார். ஒரு வாசலில் நிற்பார்கள், கதை கேட்பார்கள், அடுத்த சந்துக்குப் போவார்கள். ஒருமுறை நடந்து பார்த்தவர் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது தானாகவே திரும்பிப் பார்ப்பார். "போன மாசம் இருந்த கதவு எங்கே?" என்று கேட்பார். சம்பளம் இல்லாத காவல்காரர் ஒருவர் அங்கே உருவாகிவிடுகிறார்.

அப்படி நடை கூட்டிப் போனவர்களில் ஒருவர் ஸ்வப்னா லிடில். சரித்திரம் படித்தவர். டில்லிக் கிளையின் அமைப்பாளராக இருந்தவர். டில்லியில் எங்கே எப்படி நடந்து பார்க்கலாம் என்று புத்தகமும் எழுதியிருக்கிறார். அவர் பெயர் 2025இல் உச்சநீதிமன்றத்தில் ஒலித்தது. அந்தக் கதைதான் மிச்சம் இருக்கிறது.

தெற்கு டில்லியில் டிபென்ஸ் காலனி என்று ஒரு குடியிருப்பு. வசதியானவர்கள் வாழும் இடம். அதன் நடுவில் ஷேக் அலி கும்டி என்ற பழைய சமாதி இருக்கிறது. கும்டி என்றால் குவிமாடம் வைத்த சிறு கட்டடம். லோதி மன்னர்கள் காலத்தது. ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது. 1960களில் அந்தக் காலனியின் குடியிருப்போர் சங்கம் அதைத் தன் அலுவலகம் ஆக்கிக்கொண்டது. மேஜை வந்தது, நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது. உள்ளே புதிதாக ஒரு பொய்க்கூரை வந்தது. குவிமாடத்தின் உள்பக்கம் அதற்கு மேலே மறைந்தே போனது.

2004இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க மத்தியத் தொல்பொருள் துறை முயற்சி எடுத்தது. சங்கம் ஆட்சேபம் சொன்னது. 2008இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அந்தக் காலனியிலேயே குடியிருக்கும் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. வழக்குப் போட்டார். 2019இல் டில்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றார். வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. உச்சநீதிமன்றத்துக்குப் போனார். அக்கம் பக்கத்து வீட்டுக்காரர்களின் சங்கத்தை எதிர்த்து ஒருவர் தனியாக வழக்கு நடத்துவது என்றால் சும்மாவா? காலையில் பால் வாங்கப் போனாலும் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

2024இல் உச்சநீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. இடத்தை எப்படிப் பிடித்தார்கள், என்னென்ன மாற்றினார்கள் என்று அறிக்கை வந்தது. "நாங்கள் இருந்ததால்தான் சமூக விரோதிகள் உள்ளே வரவில்லை" என்று சங்கம் சொல்லிப் பார்த்தது. நீதிபதிகள் கோபப்பட்டார்கள். 2025 ஜனவரியில் ஸ்வப்னா லிடிலை நியமித்தார்கள். கட்டடத்துக்கு என்ன சேதம், எதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியும் என்று நேரில் பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள். கணக்கு எடுத்த சங்கத்துக்காரர் மறுபடியும் கணக்கு எடுக்கப் போனார்.

சங்கம் இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில் இன்னொரு உத்தரவு வந்தது. சங்கம் 40 லட்சம் ரூபாயை டில்லி அரசின் தொல்லியல் துறைக்குக் கட்ட வேண்டும். சமாதியைச் சீர்செய்யும் வேலையைக் கவனிக்க ஒரு குழு அமைக்க வேண்டும்.

இந்த வழக்கில் அது பழைய சமாதிதான், வெறும் கட்டடம் அல்ல என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நேரில் பார்த்துச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? காலனி வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் போய்விட்டார்கள். வழக்குப் போட்டவர் ஒரு பழைய புத்தகத்தைக் காட்டினார். மௌல்வி சபர் ஹசன் எழுதிய பட்டியல்தான் அது. நூறு வருஷத்துக்கு முன்னால், காலனி வராத காலத்தில், அவர் அந்தக் கும்டியின் முன்னால் நின்று பெயரைக் கேட்டு எழுதியிருந்தார்.